அம்மாவுக்கு ஒரு வருடத்துக்குள் மூன்றாவது ஸ்கான்: எடுக்கலாமா?

கரவெட்டிமகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம், பிரசர் இரண்டும் இருக்கிறது. மாசி மாதம் இருமல் மாறாமல் நின்றதால் நெஞ்சுக்கு சீ.ரி. ஸ்கான் எடுத்தோம். அதற்கு முதல் நாரிக்கு (கீழ்முதுகுக்கு) எக்ஸ்ரே. இப்போது நாரிநோ ஒரு காலுக்கு இறங்கி, பாதம் விறைக்கிறது என்கிறார். பின்னேரம் சனல் பண்ணி (காசு கட்டித் தனியாரில் நிபுணரைப் பார்ப்பது) காட்டியபோது டொக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி, "ஸ்கானுக்கு மேல் ஸ்கான் எடுத்தால் கதிர் உடம்பில் நிற்கும், கான்சர்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போன நேரத்தில் இருந்து அம்மா மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

டொக்டரிடமே கேட்டிருக்கலாம்தான். ஆனால் வெளியில் அவ்வளவு சனம் காத்திருக்கும்போது உள்ளே இருந்து கேள்வி கேட்க மனம் வருவதில்லை. இடைவெளி விட்டு எடுக்க வேண்டுமா? சீனிக் குளிசையை நிறுத்த வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பனங்கொட்டை:

எங்கள் அம்மம்மாவுக்கு ஸ்கான் எடுத்த பிறகு "கதிர் இறங்கட்டும்" என்று ஒரு கிழமை முழுக்க இளநீர் கொடுத்தார்கள். கதிர் இறங்கியதோ தெரியாது. சலம் நன்றாக இறங்கியது.

எக்ஸ்ரே_அண்ணை:

தங்கச்சி, நான் கனகாலம் றேடியோகிராபராக நின்றுவிட்டு இப்போது தோட்டம் கொத்துகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மா எடுத்ததையும் எடுக்கப் போவதையும் ஒரே கணக்கில் கூட்டக் கூடாது. எக்ஸ்ரேயும் சீ.ரி.யும் கதிர்வீச்சால் படம் எடுப்பவை. எம்.ஆர்.ஐ. காந்தத்தாலும் வானொலி அலையாலும் எடுப்பது. வயிற்றில் ஜெல் பூசிப் பார்ப்பது ஒலி அலை. எம்.ஆர்.ஐ.யிலோ ஒலி அலை ஸ்கானிலோ மாமி பயப்படுகிற கதிர் துளியும் இல்லை. ஆகவே போன மாதம் சீ.ரி. எடுத்தவர் இந்த மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். இடைவெளி தேவையில்லை.

இனி எடுத்து முடிந்தவை. சுவிச்சை அணைத்த பிறகு லைற் வெளிச்சம் அறைக்குள் தங்காது, எக்ஸ்ரேயும் அப்படித்தான். இயந்திரம் நின்ற கணத்தோடு கதிரும் முடிந்தது. அது கடந்து போகும்போது உடம்பின் கலங்களில் (செல்களில்) சிறு சேதம் ஏற்படலாம், அதில் பெரும்பங்கை உடம்பே திருத்திக்கொள்ளும். திருந்தாமல் தப்புகிற மிகச் சிறு பங்கைப் பற்றித்தான் விஞ்ஞானிகள் இவ்வளவு காலமும் விவாதிக்கிறார்கள்.

அளவையும் சொல்கிறேன். உடம்பு வாங்குகிற கதிரை மில்லிசீவேட் என்ற அலகில் அளப்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவேட் அல்லது அதற்கும் குறைவு. நாரி எக்ஸ்ரே சுமார் 1.5. தலைக்கு சீ.ரி. 2, நெஞ்சுக்கு 7, வயிற்றுக்கு 8 முதல் 10 வரை. இயந்திரத்தையும் ஆளின் பருமனையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒன்றுமே எடுக்காமல் வீட்டில் இருப்பவருக்கும் மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் காற்றில் இருந்தும் வருடத்துக்கு 2.4 மில்லிசீவேட் கிடைக்கிறது, அது உலகச் சராசரி. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மொனசைற் என்ற கதிர்வீசும் கனிமம் கலந்த மணல் இருப்பதால் அங்கே சில இடங்களில் இதைப் போலப் பல மடங்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருக்கிற சனத்தைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. எங்கள் புல்மோட்டை மணலிலும் மொனசைற் இருக்கிறது.

சீனிக் குளிசையை எம்.ஆர்.ஐ.க்காக நிறுத்தத் தேவையில்லை. நாரிக்கு எடுக்கும்போது, படம் தெளிவாகத் தெரிவதற்கான ஊசி மருந்து ஏற்றுவதும் குறைவு.

அப்புறம் ஒரு கேள்வி, இதற்குப் பதில் கட்டாயம் வேண்டும். அம்மாவின் உடம்புக்குள் ஏதாவது உலோகம் இருக்கிறதா? பேஸ்மேக்கர், தட்டு, ஆணி, கிளிப், வேறு எதுவும்?

கொக்குவிலான்:

அண்ணை சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஏன் இவ்வளவு ஸ்கான் எழுதுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னுடைய மாமாவுக்கு ஒரு தனியார் இடத்தில் வயிற்றுக்கு சீ.ரி. எடுத்தார்கள். அடுத்த கிழமை வேறு நிபுணரிடம் போனால் "அந்தப் படம் வடிவாக இல்லை, இங்கே எடுங்கோ" என்றார்கள். இரண்டு தரமும் காசு எங்கள் பையில் இருந்து. கதிர் அவருடைய உடம்பில். எல்லாம் வியாபாரம்.

எக்ஸ்ரே_அண்ணை:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தேவையில்லாத ஸ்கான் தேவையில்லாததுதான், அளவு சிறிதோ பெரிதோ. ஆனால் இரண்டாம் தரம் எடுப்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் வேறு. காலையில் பெரியாஸ்பத்திரிக் கிளினிக், பின்னேரம் சனல், இடையில் கொழும்புக்கு ஒரு பயணம். ஒவ்வொரு இடத்திலும் வேறு கொப்பி. பழைய படத்தை வீட்டில் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஒரு தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் கொண்டு வருவார்கள். நிபுணருக்குத் தாள் போதாது, படம் வேண்டும். சீடியைக் கேட்டு வாங்கி, எங்கே போனாலும் கொண்டு போங்கோ. "இதே இடத்துக்குப் போன மாதம் எடுத்திருக்கிறோம், அது போதுமா?" என்று கேட்பதற்கு எந்த டொக்டரும் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறு டொக்டரைப் பாருங்கோ.

மருத்துவபீடத்தான்:

அண்ணை தந்த அளவுகளோடு ஆபத்தின் கணக்கையும் சேர்க்கிறேன், நான் இன்னும் மாணவன்தான். 10 மில்லிசீவேட் அளவு சீ.ரி. ஒன்றால் 2,000 பேரில் ஒருவருக்கு மேலதிகமாக உயிர் பறிக்கும் புற்றுநோய் வரலாம் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் மதிப்பீடு. அதே 2,000 பேரில், ஸ்கானே எடுக்காவிட்டாலும், அந்த நாட்டில் 400 பேர் அளவில் புற்றுநோயால் இறப்பார்கள். 400 என்பது 401 ஆகிறது. இந்த மதிப்பீடு பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்ததில் இருந்து வந்தது. அங்கே பெரிய அளவில் கண்டதைச் சிறிய அளவுக்கு நேர்கோட்டில் இழுத்துப் பார்க்கிறார்கள். சிறிய அளவில் அப்படித்தான் நடக்குமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

வயதும் முக்கியம். கட்டியாக வருகிற புற்றுநோய்கள் தலைகாட்டப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். 71 வயதில் சீ.ரி. ஒன்றால் வரும் கூடுதல் ஆபத்து மிகச் சிறிது. சிறுபிள்ளைகளுக்குத்தான் கவனம் வேண்டும். 2012இல் லான்செற் சஞ்சிகையில் பிரித்தானிய ஆய்வு ஒன்று வந்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தலைக்கு எடுக்கிற ஒவ்வொரு 10,000 சீ.ரி.க்கும் அடுத்த பத்து வருடத்தில் மேலதிகமாக ஒரு இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்று அதில் கணித்தார்கள். பிள்ளை மாமரத்தால் விழுந்து தலை அடிபட்டு வந்தால் டொக்டர் உடனே சீ.ரி. எழுதாமல் வாட்டில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். "ஸ்கான் எடுக்காமல் அலட்சியம் செய்கிறார்கள்" என்று அங்கே நின்று சண்டை பிடிக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எடுக்காமல் விடலாம் என்று கண்டுபிடிக்க அமெரிக்காவில் 42,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2009இல் ஒரு விதிமுறையே வகுத்தார்கள்.

கொக்குவிலான்:

அந்த 401ஆவது ஆள் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால்?

மருத்துவபீடத்தான்:

இருக்கலாம், அண்ணை. அதனால்தான் காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்கிறோம். அதே வீட்டு ஆளுக்கு நுரையீரலில் இரத்தக் கட்டி இருந்து அதைச் சீ.ரி. எடுக்காமல் தவறவிட்டால், அன்றைக்கே ஆள் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்காபரோ_சித்தி:

பிள்ளைகள், இடையில் வருகிறேன். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு "முழு உடம்பு ஸ்கான்" பக்கேஜ் கட்டிக் கொடுக்கலாம் என்று நானும் தம்பியும் யோசித்தோம். கொழும்பில் செய்கிறார்களாம். இரண்டு பேருக்கும் இப்போது ஒரு வருத்தமும் இல்லை. நல்லதுதானே?

எக்ஸ்ரே_அண்ணை:

அக்கா, அந்தக் காசை வேறு எதற்காவது அனுப்புங்கோ. வருத்தம் இல்லாத ஆளை முழுக்கப் படம் எடுத்தால் ஏதாவது ஒன்று அகப்படும். ஈரலில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு புள்ளி. பெரும்பாலும் ஒன்றும் செய்யாதது. ஆனால் கண்ட பிறகு விட ஏலாது, அதற்கு இன்னொரு ஸ்கான், பேந்து ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனை, ஆறு மாதம் வீட்டில் நித்திரை இல்லை. பிரசர், சீனி, கிரியற்றினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை), கண் சோதனை, ஒரு நல்ல சோடிச் செருப்பு. ஊரில் இருக்கிற வயதான ஆட்களுக்கு இதுதான் தேவையான பக்கேஜ்.

கரவெட்டிமகள்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் இளகிவிட்டார். அண்ணை கேட்ட கேள்விக்குப் பதில்: பேஸ்மேக்கர், தட்டு ஒன்றும் இல்லை. 87இல் வடமராட்சியில் ஷெல் அடித்தபோது பட்ட காயம் மட்டும் இருக்கிறது. தொடையில் ஒரு துண்டு இன்னும் உள்ளே. அது அசையாது, நோவும் இல்லை, எடுத்தால் நரம்பு போய்விடும் என்று அப்போதே விட்டுவிட்டார்கள். அது பழைய கதை, இதற்குப் பரவாயில்லைத்தானே?

எக்ஸ்ரே_அண்ணை:

பரவாயில்லை என்று நானோ இங்கே வேறு எவரோ சொல்ல ஏலாது. திகதி எடுத்துவிட்டீர்களா? எடுத்தாலும் இந்த விஷயத்தை அவர்களுக்குச் சொல்லாமல் அம்மாவை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

எங்களிடம் கதிருக்குப் பயந்து அழுத ஆட்களைக் கண்டிருக்கிறேன். இரும்பைப் பற்றிக் கேட்டால் "அது ஒன்றுமில்லை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். தலைகீழாக நடக்கிறது. எம்.ஆர்.ஐ. காந்தம் 1.5 ரெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரமும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் நின்றாலும் இழுக்கும். 2018 ஜனவரியில் மும்பாயில் ஒக்சிசன் சிலிண்டரைக் கையில் கொண்டு அந்த அறைக்குள் போன ஒருவர் சிலிண்டரோடு இழுபட்டு இறந்தார். நோயாளிகூட இல்லை, உறவினருக்கு உதவிக்குப் போனவர்.

ஷெல் துண்டு உருக்கு. காந்தம் இழுக்கும், திருப்பும், சூடாக்கவும் கூடும். பல வருடம் தசைக்குள் தழும்பு பிடித்து இறுகிய துண்டு பெரும்பாலும் அசையாது, அப்படிப்பட்டவர்களுக்கு எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் துண்டு எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணுக்குள், மூளைக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய் ஓரத்தில் என்றால் விளையாட்டில்லை. கண்ணில் தெரியாமல் இருந்த சிறு உலோகத் துண்டு எம்.ஆர்.ஐ.யில் அசைந்து ஒருவருக்குப் பார்வை போனது 1986இலேயே மருத்துவ சஞ்சிகையில் வந்திருக்கிறது. வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர்களிடம் கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்பது அதனால்தான்.

ஆகவே முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். பிறகு கதிரியல் நிபுணர் முடிவு செய்வார். அம்மாவுக்கு ஒரு துண்டுதான் என்று அந்தக் காலத்தில் யார் எண்ணியது? ஷெல் வெடித்தால் ஒன்றோடு நிற்காது.

சாவகச்சேரி_மாமா:

அண்ணை சொல்வதை அப்படியே கேளுங்கோ. என் தோளிலும் விலாவிலும் இருக்கிறது, எனக்கும் நாரிக்கு எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் இது அபூர்வமான விஷயம் இல்லை. பேருந்தில் பக்கத்துச் சீற்றில் இருப்பவரைக் கேட்டாலும் அவரிடமும் ஒரு துண்டு இருக்கும். வன்னிக்குப் போனால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பலர் படிவத்தில் "இல்லை" என்று கோடு போட்டுவிடுகிறார்கள். மறதியால் மட்டும் இல்லை. காயம் என்றால் எங்கே பட்டது, எந்த வருடம், அப்போது நீ யார் என்று கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பயத்தை வீட்டில் இருந்துகொண்டு பிழை சொல்ல ஏலாது. நான் போன இடத்தில் அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, எந்தெந்த இடத்தில்?" கையால் தொட்டுக் காட்டினேன். மார்க்கர் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டார்.

எக்ஸ்ரே_அண்ணை:

ஐயா எழுதியது மிகவும் முக்கியம். காந்தத்துக்கு வேண்டியது இரும்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். "உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது, இந்த இடத்தில்" என்றால் போதும், எப்படி வந்தது என்று விரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு முன்னால் சொல்ல விருப்பமில்லை என்றால் றேடியோகிராபரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ.

துவக்குச் சன்னம் என்றாலும் சொல்லுங்கோ. ஈயமும் செம்பும் மட்டும் உள்ள சன்னத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் போர்த் துவக்குச் சன்னங்கள் பலவற்றில் உருக்கு இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல ஏலாது. செயற்கைக் கால் போட்டவர்கள் அதை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊன்றுகோல், சக்கர நாற்காலியும் அப்படித்தான், அவர்களிடமே காந்தம் இழுக்காத நாற்காலி இருக்கும்.

இணுவில்_அக்கா:

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்கிறார்களே, அதுதான் எங்கள் மாமிக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. பொன்னைக் காந்தம் இழுக்காதுதானே, பிறகு ஏன்? வாசலில் நின்று அரை மணித்தியாலம் வாக்குவாதம்.

எக்ஸ்ரே_அண்ணை:

பொன்னை இழுக்காதுதான். ஆனால் வானொலி அலையில் உலோகக் கொடி சூடாகலாம், கழுத்தோ நெஞ்சோ எடுக்கும்போது படத்தையும் கெடுக்கும். பெரிய தொல்லை கொடியே இல்லை, கொடியில் மாட்டி வைத்திருக்கும் ஊசிகள். சேலைக்குக் குத்துகிற ஊசி நாலைந்தைத் தாலிக்கொடியில் கொழுவி வைப்பது எங்கள் பெண்களின் பழக்கம். அது சுத்த உருக்கு. மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு கொடியைக் கணவரிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அதுவே நல்ல வழி. ஆண்கள் சிரிக்க வேண்டாம். சேட்டுக்குள் அச்சரக்கூடும் அரைநாண்கொடியும் இருக்கிறதா என்று பாருங்கோ.

வெட்கப்படாமல் இன்னொன்றையும் சொல்கிறேன். குடும்பக்கட்டுப்பாட்டுக்கு லூப் போட்டவர்கள் அதைச் சொல்ல வேண்டும். செம்பு லூப்புக்கு வழக்கமான இயந்திரங்களில் தடை இல்லை. இருதயத்துக்கு ஸ்ரென்ற் (இரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சிறு வலைக்குழாய்) வைத்தவர்களுக்கும் பெரும்பாலும் எடுக்கலாம், வைத்த இடத்தில் தந்த கார்ட்டைக் காட்டுங்கோ. பேஸ்மேக்கர் மட்டும் அதன் மொடலைப் பார்த்துத்தான்.

நெல்லியடிச்சந்தி:

சீ.ரி.க்கு மருந்து ஏற்றும்போது இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு உயிராபத்தாமே? எனக்கு இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும்.

மருத்துவபீடத்தான்:

இது உலகம் முழுவதும் சுற்றுகிற கதை. இறாலில் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், மருந்தில் இருப்பது அயடீன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. எதற்காவது ஒவ்வாமை உள்ளவருக்குப் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். முன்பு இதே ஸ்கான் மருந்துக்கு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதுதான் உண்மையான கேள்வி. ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், சலம் போய்விட்டது போலவும் தோன்றும். போயிருக்காது. இதை முன்பே சொல்லாததால் பலர் பயந்து எழும்பிவிடுகிறார்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள்தான் இரண்டு விதத்திலும் கவனிக்க வேண்டியவர்கள். சீ.ரி. மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் கடோலினியம் சிலவகை, சிறுநீரகம் மிக மோசமானவர்களுக்குத் தோலையும் மூட்டையும் இறுக்குகிற ஒரு வருத்தத்தைக் கொண்டுவந்ததை 2006இல் கண்டுபிடித்தார்கள். அந்த வகைகளை இப்போது பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். ஆகவே கிரியற்றினின் ரிப்போர்ட் கேட்டால் சலிக்காமல் கொடுங்கள். மெட்போமின் என்ற சீனிக் குளிசையை, ஊசி மருந்தோடு சீ.ரி. எடுக்கும்போது சில இடங்களில் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். ஊசி மருந்து ஏற்றிய தாய்மாரும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஏற்றிய மருந்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் பாலில் வரும்.

பெயர்_வேண்டாம்:

இதை எங்கே கேட்பது என்று தெரியவில்லை. மச்சாளுக்கு இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அப்போது அவர் ஒன்றரை மாதக் கர்ப்பம். வீட்டில் பெரியவர்கள் "பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு" என்கிறார்கள். அவர் சாப்பிடுவதும் இல்லை.

எக்ஸ்ரே_அண்ணை:

இன்றைக்கே அவருக்கு இதைக் காட்டுங்கோ. நெஞ்சு எக்ஸ்ரேயில் கர்ப்பப்பைக்குப் போகிற அளவு 0.01 மில்லிகிறேக்கும் (இதுவும் கதிரை அளக்கிற அலகுதான்) குறைவு. 50 மில்லிகிறேக்குக் கீழே பிள்ளைக்கு ஊனம் வந்ததாகச் சான்று இல்லை. இரண்டுக்கும் உள்ள தூரம் 5,000 மடங்கு. இதற்காக எவரும் பிள்ளையைக் கலைக்க வேண்டியதில்லை. வழமைபோலக் கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக் கொப்பியில் எழுதுவித்தால் சரி.

கதிரைவிடக் கதிர்ப் பயம் எத்தனை பிள்ளைகளைக் கொன்றது என்று கேட்டால் கிரேக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு அங்கே ஏறக்குறைய 2,500 கர்ப்பங்களைப் பயத்தால் கலைத்தார்கள் என்று அடுத்த வருடமே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் கணக்குப் போட்டு எழுதினார்கள். அங்கே விழுந்த கதிரின் அளவு கலைக்க வேண்டிய அளவுக்குக் கிட்டவும் வரவில்லை.

நாள் தள்ளிப்போனவர்கள் எக்ஸ்ரேக்கு முன் சொல்ல வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. வயிற்றுக்கு சீ.ரி. என்றால் அது வேறு கணக்கு.

பெயர்_வேண்டாம்:

மச்சாள் வாசித்துவிட்டு அழுதார். மாமியும் வாசித்தார். இரவு எல்லோரும் சாப்பிட்டோம். நன்றி, அண்ணை.

கொக்குவிலான்:

சரி, எனக்கும் ஒரு கேள்வி. முந்தி எக்ஸ்ரே எடுக்கும்போது இடுப்பில் ஈயத்துணி போடுவார்கள். கிட்டடியில் என் மகனுக்கு எடுத்தபோது போடவில்லை. கேட்டால் "தேவையில்லை" என்றார் அந்தப் பெடியன். அலட்சியம் என்று நினைத்தேன்.

எக்ஸ்ரே_அண்ணை:

அந்தப் பெடியன் புதிதாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அந்தப் பழக்கத்தை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. பழைய இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இப்போதைய கதிர் மிகக் குறைவு. உடம்புக்குள்ளேயே சிதறுகிற கதிரை மேலே போட்ட துணி தடுக்காது. துணி நழுவிப் படத்தை மறைத்தால் திரும்ப எடுக்க வேண்டி வரும், தானியங்கி இயந்திரம் குழம்பிக் கதிரைக் கூட்டவும் செய்யும். நாங்கள் பழைய ஆட்கள், எங்களுக்கே இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது. போட்டே ஆக வேண்டும் என்று கேட்டால் சில இடங்களில் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. இலங்கையில் கதிர் இயந்திரம் வைத்திருப்பவர் எவரானாலும் 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையிடம் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். வேலை செய்கிறவர் சட்டையில் கதிரை அளக்கிற பட்டை குத்தியிருக்கிறாரா என்றும் பாருங்கோ. துணையாகப் போன ஆட்களைக் காரணமில்லாமல் உள்ளே நிற்க விடுகிற இடம் என்றால் எனக்குப் பிடிக்காது.

கரவெட்டிமகள்:

போய் வந்தோம். சொன்னபடி முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடையில் இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முள்ளந்தண்டுக்கு ஓரமாக அரிசி அளவில் இன்னொன்று இருக்கிறது. அம்மாவுக்கே தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது.

நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றார். துண்டு இருக்கிற இடமும் சரியில்லை, எடுத்தாலும் அந்தப் பகுதிப் படம் கெட்டுப்போகும் என்று விளங்கப்படுத்தினார். ஊசி மருந்து இல்லாமல் நாரிக்கு சீ.ரி. எடுத்தார்கள். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிற தட்டு (டிஸ்க்) ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இப்போதைக்குக் குளிசையும் பயிற்சியும், மாறாவிட்டால் பேந்து பார்க்கலாம் என்கிறார்கள்.

கதிர் இல்லாததை எடுக்கமாட்டேன் என்று அடம் பிடித்தவர், கதிர் உள்ளதை எடுத்துக்கொண்டு வந்து "அது ஐந்து நிமிடம்தான், சத்தமும் இல்லை" என்று மாமிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறார்கள்: உடம்பில் உலோகத் துண்டு உண்டு, எம்.ஆர்.ஐ.க்கு முன் காட்டவும்.

எக்ஸ்ரே_அண்ணை:

அந்தப் பக்கத்தையும் எக்ஸ்ரேயையும் போனில் படம் எடுத்து வையுங்கோ, சகோதரங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கோ. கொப்பி துலையும். விறைப்பு கூடினாலோ, சலம் மலம் போவது தெரியாமல் போனாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாவகச்சேரி_மாமா:

தங்கச்சி, அந்த அரிசித் துண்டை இனி ஒருவரும் தோண்ட வேண்டாம் என்று சொன்னார்களா?

கரவெட்டிமகள்:

ஓம் ஐயா. "இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தது, இனியும் இருக்கட்டும்" என்றார்.

மானிப்பாய்_அம்மா:

மகனுக்கு ஆறு வயது. பல் டொக்டர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார். மேலே பிள்ளைகளுக்குக் கவனம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் பயமாக இருக்கிறது.

எக்ஸ்ரே_அண்ணை:

அங்கே எழுதியது சீ.ரி.யைப் பற்றி. ஒரு பல்லுக்கு எடுக்கிற சிறிய எக்ஸ்ரே, இயற்கையில் ஒரு நாளில் கிடைக்கிறதற்குக் கிட்டத்தட்டச் சமம். எதற்கு எடுக்கிறார் என்று கேளுங்கோ, காரணம் சரி என்றால் எடுங்கோ. பிள்ளையை ஆடாமல் இருக்கப் பழக்கிக் கூட்டிப் போங்கோ, ஆடினால்தான் இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வரும்.